எத்தனை டெசிபல் சார்?

மந்தைவெளியில் எங்க தெருவில் ராத்திரி பதினொன்றரைக்கு கான்கிரீட் மிக்சர் ஓடியது. போன் போட்டேன். ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டியது. அங்கே எடுத்தவர், "எத்தனை டெசிபல் சார்?" என்றார். தூக்கக் கலக்கத்தில் எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேள்விதான் விதிகளைப் படிக்க வைத்தது.

மத்திய அரசின் ஒலி மாசு விதிகள், 2000-ன்படி குடியிருப்புப் பகுதிக்கு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. ஆனால் விதி 7, வரம்பைவிட 10 டெசிபல் கூடினால்தான் புகார் என்றது. டெசிபல் லாக் கணக்கு. 10 கூடினால் ஒலி ஆற்றல் பத்து மடங்கு!

2010 திருத்தம் இந்த ஓட்டையை அடைத்தது. இரவுக் கட்டுப்பாட்டை மீறினாலே புகார் கொடுக்கலாம். சத்தமிடும் கட்டுமான இயந்திரங்களைக் குடியிருப்புப் பகுதியில் இரவில் இயக்கவே கூடாது. ஆக, அந்த டெசிபல் கேள்வியே தப்பு. விதி அப்டேட் ஆகிடுச்சு, போன் எடுப்பவர் இன்னும் பழைய வெர்ஷன்லயே ஓடுறார்.

அளந்தாலும் சிக்கல் தீராது. மாதவரம் நெடுஞ்சாலை கே.கே.ஆர். நகர் வழக்கில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தது. வண்டிச் சத்தமும் அதில் சேர்ந்திருக்கு என்று தேவாலயத் தரப்பு வாதிட்டது. 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் குடியிருப்போர் பக்கமே தீர்ப்பளித்தது. ஒரு ஒலிபெருக்கிக்கு டெல்லி வரை போகணுமா?

தி.நகரில் மத்திய வாரியத்தின் ஒலி கண்காணிப்பு நிலையம் இருக்கு. நல்லதுதான். ஆனா அது அந்த இடத்தின் மொத்த இரைச்சலைச் சொல்லும். யாருடைய மிக்சர் என்று சொல்லாது.

எங்க தெரு மிக்சர் ஒன்றரை மணிக்கு நின்றது. சிமெண்ட் தீர்ந்துபோச்சாம்.