பச்சை பாட்டிலுக்குப் பச்சை போதாது

ஜன்னலோர மேசையில் ஒரு கோலி சோடா பாட்டில், பக்கத்தில் எவர்சில்வர் டம்ளர், சற்றுப் பின்னால் இரண்டு எலுமிச்சம்பழம். ராஜபாளையத்தில் எந்த வீட்டிலும் ஐந்து நிமிடத்தில் சேர்த்துவிடக்கூடிய சாமான்கள்தான். இதை ஆயில் கலரில் வரைய உட்காருகிறவர் முதலில் ஏமாறுவது பச்சையிடம். பாட்டில் பச்சைதானே என்று டியூபைப் பிதுக்கிப் பூசினால் பாட்டில் வராது, பாசி பிடித்த தூண் வரும்.

கண்ணாடிக்கென்று தனியாக ஒரு நிறம் கிடையாது. பின்னால் சுண்ணாம்புச் சுவர் தெரியும் இடத்தில் அது லேசாகப் பச்சையோடிய வெள்ளை. அடிப்பாகத்திலும் கோலி நிற்கும் கழுத்து மடிப்பிலும் கண்ணாடி தடிமன் என்பதால் அங்கே கிட்டத்தட்டக் கறுப்பு. பின்னால் இருக்கும் எலுமிச்சை இரண்டாக உடைந்து இடம் மாறித் தெரியும். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்தால் வெள்ளைப் பொட்டு இடது தோளில் விழும். ஆனால் உள்ளே ஒளி தேங்குவது வலப்பக்கம். மேசையில் விழும் நிழலின் நடுவே ஒரு வெளிச்சத் துண்டு கிடக்கும். அதை விட்டுவிட்டால் பாட்டில் கல்லாகிவிடும். அந்த வெள்ளைப் பொட்டையும் உற்றுப் பார்த்தால் அது பொட்டே அல்ல, கம்பி போட்ட ஜன்னல், பாட்டிலின் வளைவுக்கு ஏற்ப வளைந்து நிற்கிறது.

பிம்பம் பார்ப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. பெருமாளுக்கு வைத்திருந்த மாலையைச் சூடிக்கொண்டு ஆண்டாள் அழகு பார்த்ததாகச் சொல்லப்படும் கிணறு ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் இருக்கிறது. அதற்குப் பெயரே கண்ணாடிக் கிணறு.

ஏன் ஆயில்? வாட்டர் கலர் காயக் காய ஓவியரை விரட்டும். ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு நாள்கணக்கில் மெல்ல இறுகுகிறது. அதுவரை விளிம்புகளைக் குழைத்துக்கொண்டே இருக்கலாம். காய்ந்த பிறகு அதன்மேல் மெல்லிய, ஊடே தெரியும் வண்ணத்தை ஏற்றலாம். ஒளி அதற்குள் புகுந்து, அடியிலுள்ள வெள்ளையில் பட்டுத் திரும்பிவரும். சுவரின் வெள்ளை பாட்டில் வழியாகக் கண்ணுக்கு வந்து சேர்வதும் இப்படித்தான்.

இந்த வித்தை எளிதில் கிடைத்துவிடவில்லை. திருவிதாங்கூர் அரண்மனை ஓவியரான ராமசாமி நாயக்கர் அதை இளம் ரவிவர்மாவுக்குச் சொல்லித்தர மனமில்லாமல் இருந்தார் என்றும், அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் ரகசியமாக உதவினார் என்றும் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1868-இல் திருவனந்தபுரம் வந்த ஓவியர் தியோடர் ஜென்சனும் வேலை செய்வதைப் பார்க்க விட்டதோடு சரி. பட்டின் பளபளப்பும் நகையின் மினுக்கும் ரவிவர்மாவின் கைக்கு வந்தன. ஆனால் அவை ஒரு பெண்ணின் உடம்பில் இருந்தால்தான் அவருக்குப் பொருட்டு. சும்மா கிடக்கும் பாத்திரத்தை நம் ஓவியர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பயிற்சியோடு விட்டுவிட்டார்கள். அது ஒரு நஷ்டம்தான்.

கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்து, 2021-இல் கொரோனாவில் மறைந்த ஓவியர் இளையராஜா இந்த வழக்கத்தைக் கொஞ்சம் அசைத்தார். அவர் வரைந்ததும் பெண்களைத்தான். ஆனாலும் ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும் அதே அக்கறையோடு அவருடைய பித்தளைப் பாத்திரங்களிலும் விழுந்தது.

பிரான்ஸில் ஓவியர் ஷார்தேன் 1760 வாக்கில் இதைவிடத் துணிந்தார். ஒரு கிளாஸ் தண்ணீர், ஒரு காபிப் பாத்திரம், சில பூண்டு, ஆள் யாருமில்லை. பிட்ஸ்பர்க் கார்னகி அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படத்தில், தண்ணீருக்கென்று தனி வண்ணம் எதையும் தேட முடியாது. பின்னாலுள்ள பழுப்புச் சுவரே கிளாஸுக்குள் கொஞ்சம் நிறம் மாறி நிற்கிறது.

ராஜபாளையத்து மேசையில் பத்தரை மணிக்கு வெயில் நகர்ந்துவிடும். நிழலுக்குள் கிடந்த வெளிச்சத் துண்டு எலுமிச்சைமேல் ஏறிக்கொள்ளும். அன்றைக்கு அவ்வளவுதான், பிரஷ்ஷைக் கழுவி வைக்க வேண்டியது. மறுநாள் காலை வரை பாட்டிலை யாரும் அசைக்கக் கூடாது, எலுமிச்சையைச் சாதத்துக்குப் பிழியக் கூடாது. படம் வரைவதைவிட, இதை வீட்டில் சொல்லிப் புரியவைப்பதுதான் பெரும்பாடு.