நல்ல வயரின் லட்சணம்

வீட்டு மின்சாரம் என்றால் பயம், பைக் பேட்டரி என்றால் அலட்சியம். நம்மில் பலருக்கு இதுதான் வழக்கம். 230 வோல்ட் ஷாக் அடிக்கும், 12 வோல்ட் என்ன செய்துவிடும் என்ற தைரியம். வீட்டு வயரிங்குக்குக் கம்பெனி பார்த்து, ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குகிறவர்கூட, காருக்குப் புது ஹாரன் மாட்டும்போது அலமாரியில் கிடந்த ஸ்பீக்கர் வயரை எடுத்து முறுக்கிவிடுகிறார். வயரின் கணக்கோ இதற்கு நேர் எதிரானது. வோல்ட் குறையக் குறைய வயருக்குச் சுமை ஏறும்.

காரின் முன்விளக்கை எடுத்துக்கொள்வோம். இரண்டு எச்4 பல்புகள், ஹைபீமில் ஒவ்வொன்றும் 60 வாட். இரண்டும் சேர்ந்து 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். அதே 120 வாட்டை வீட்டில் எரித்தால் அரை ஆம்பியர்தான். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு மீட்டருக்குச் சுமார் 18 மில்லி ஓம் தடை. பேட்டரியில் கிளம்பி, டாஷ்போர்டு சுவிட்ச் வரை போய், மறுபடி முன்னால் வந்து பல்பைத் தொடுவதற்குள் 4 மீட்டர் ஓடிவிடும். 10 ஆம்பியருக்கு அந்த நீளத்தில் 0.72 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். வீட்டில் முக்கால் வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. 12-ல் அது 6 சதவீதம். ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜைவிடப் பல மடங்கு வேகமாக விழும் என்பதால், 6 சதவீதம் வோல்ட் போனால் வெளிச்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 'லைட் டல்லா இருக்கு' என்று 100 வாட் பல்புக்குத் தாவுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் பல்பைத் தொட்டிருக்க மாட்டார்கள். ஒரு ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து இரண்டு சதுர மில்லிமீட்டர் வயரை நேரே விளக்குக்கு இழுத்தால் தூரமும் குறையும், தடையும் குறையும். பழைய பல்பே வெள்ளையாக எரியும். 6 வோல்ட்டில் ஓடிய பழைய எஸ்டி, ராஜ்தூத் வண்டிக்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். அதே வாட்டுக்கு அங்கே இரட்டிப்பு ஆம்பியர்.

கொலுப் படிக்கு எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஒட்டுகிறவர்கள் சந்திப்பதும் இதே சங்கதிதான். ஐந்து மீட்டர் ஸ்ட்ரிப்பில் முதல் படி பளிச்சென்றும் கடைசிப் படி மங்கலாகவும் தெரிந்தால், குற்றவாளி எல்.இ.டி. அல்ல. ஸ்ட்ரிப்பின் உள்ளே ஓடும் தாள் கனத்துச் செம்புப் பட்டைதான். தனியாக ஒரு நல்ல வயரைப் பின்னால் ஓட்டி, மறுமுனையிலும் சப்ளை கொடுத்தால் எல்லாப் படியும் ஒரே மாதிரி எரியும்.

ஆக, முதலில் கனம். ஆனால் கனத்தைக் கேட்டு வாங்குவதற்கே ஒரு ஞானம் வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் கவுண்டரில் நின்று 'சாதாரண வயர்' என்று கேட்டால், '14/36-ஆ, 23/36-ஆ, 40/36-ஆ?' என்று பதில் வரும். மேலே இருப்பது இழைகளின் எண்ணிக்கை, கீழே இருப்பது பழைய பிரிட்டிஷ் கேஜ். 36 கேஜ் இழை 0.193 மில்லிமீட்டர். 23 இழை சேர்ந்தால் முக்கால் சதுர மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே. அங்கிருந்து புதுப்பேட்டைப் பக்கம் வந்து வண்டி வயர் கேட்டால், 14/30, 28/30 என்பார்கள். இங்கே 30 என்பது இழையின் விட்டம், 0.30 மில்லிமீட்டர். 14 இழைக்கு ஒரு சதுர மில்லிமீட்டர், 28-க்கு இரண்டு. அதே சாய்வுக் கோடு, வேறு அர்த்தம். (30-ஐக் கேஜ் என்று தப்பாக எடுத்துக்கொண்டாலும் 0.315 மில்லிமீட்டர்தான் வரும். நல்லவேளை, பெரிய பிசகு இல்லை.) இறக்குமதி வயரில் அமெரிக்கக் கேஜ் இருக்கும். எண் ஏற ஏற வயர் மெலியும், மூன்று எண் ஏறினால் செம்பு பாதியாகும். பிரிட்டிஷ் 18 கேஜ் கம்பியும் அமெரிக்க 18 கேஜ் கம்பியும் ஒரே கனம் அல்ல. சதுர மில்லிமீட்டரில் பேசிப் பழகியவருக்கு இந்தத் தொல்லைகள் எதுவும் கிடையாது.

கனம் ஒத்துப்போன இரண்டு வயர்களில் எது உசத்தி? இங்கேதான் ரசனை ஆரம்பிக்கிறது.

வெண்டைக்காய் வாங்குகிறவர் நுனியை ஒடித்துப் பார்ப்பது போல, வயர் வாங்குகிறவர் நுனியை ஒரு விரற்கடை சீவிப் பார்க்க வேண்டும். நல்ல கடைக்காரர் தடுக்கமாட்டார். முதலில் வெட்டு முகத்தைப் பாருங்கள். செம்பு நட்ட நடுவில் இருக்கிறதா? ஒரு பக்கம் தோல் தடித்து, மறுபக்கம் மெலிந்திருந்தால் அந்த வயர் மெலிந்த பக்கத்தில்தான் தேயும். அடுத்தது, தோல் கழலும் விதம். நல்ல வயரில் ஒரே இழுப்பில் முழு வளையமாக வரும். அடியில் இழைகள் முறுக்குக் குலையாமல், எல்லாம் ஒரே சாய்வில் படிந்து, வெளிர் ரோஜா நிறத்தில் மினுங்கும். மட்டமான வயரில் தோல் பிய்ந்து பிய்ந்து வரும், இழைகள் நாலா பக்கமும் பரப்பிக்கொண்டு நிற்கும். செம்பு கறுத்திருந்தால் வாங்கவே வேண்டாம். அதில் ஈயம் ஒட்டாது. பழைய வண்டியில் வேலை செய்யும்போதும் இதே விதிதான். கறுப்பு இருக்கும்வரை வெட்டிக்கொண்டே போய், பளபளப்பு தெரியும் இடத்தில் புது வயர் சேர்க்க வேண்டும். சில சமயம் அரையடி வெட்ட வேண்டியிருக்கும். வெட்டத்தான் வேண்டும்.

இழைகள் ஏன் இத்தனை? வண்டி ஆடும், அதிரும். ஒற்றைக் கம்பி ஒரே இடத்தில் வளைந்து நிமிர்ந்து இறுகி, ஒருநாள் ஒடியும். மெல்லிய இழைகள் அந்த ஆட்டத்தைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும். ட்ரோன், ரிமோட் கார் செய்கிறவர்கள் கொண்டாடும் சிலிகான் வயர் இதன் உச்சம். 16 கேஜ் வயர் ஒன்றில் 0.08 மில்லிமீட்டர் இழைகள் 252 இருக்கும். கையில் எடுத்தால் எலும்பே இல்லாமல் துவளும், விட்ட இடத்தில் விட்டபடி கிடக்கும். 200 டிகிரி சூடு தாங்கும், சால்டரிங் அயர்ன் பட்டாலும் தோல் உருகாது. ஒருமுறை தொட்டவருக்கு மற்ற வயரெல்லாம் முரட்டுத்தனமாகத் தெரியும். ஆனால் அந்த மெத்தென்ற தோலில் சின்னக் கீறல் விழுந்தால் போதும், அங்கிருந்து கிழிந்துகொண்டே போகும். தகர ஓரத்தில் உரசும் இடத்தில், எஞ்சின் பக்கத்தில், ஸ்லீவ் இல்லாமல் அதைப் போடுவது ரசனைக்கு அழகல்ல. எதிர்த்திசையில், பிரெட்போர்டில் சர்க்யூட் போடுகிறவர்களுக்கு ஒற்றைக் கம்பிதான் அழகு. ஆடாத இடம், ஓட்டைக்குள் நிமிர்ந்து நிற்க வேண்டிய வேலை. அதற்குப் பழைய டெலிபோன் கேபிளைப் பிரித்தால் அரை மில்லிமீட்டர் கம்பி, விதவிதமான நிறங்களில், கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைக்கும்.

இப்போது மோசடிக்கு வருவோம். சந்தையில் விலை மலிவாய்க் கிடைக்கும் ஆடியோ வயர், ஜம்பர் கேபிள் பலவற்றில் செம்பு வெறும் மேல்பூச்சு. உள்ளே அலுமினியம். தடை ஒன்றரை மடங்கு. அதிர்வில் சீக்கிரம் ஒடியும், நுனியில் மாட்டும் திம்பிளுக்குள் நாளடைவில் தளரும். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சுருளைத் தூக்கிப் பாருங்கள், செம்பின் எடையில் பாதிகூட இருக்காது. ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினால் வெள்ளை தெரியும். லைட்டர் சுடரில் காட்டினால் செம்பு இழை தணலாய்ச் சிவந்து தாக்குப் பிடிக்கும், இது துவண்டு உதிரும். ஆனால் வெள்ளையைக் கண்டதும் ஒதுக்கிவிடக் கூடாது. வெளியே வெள்ளை, சுரண்டினால் சிவப்பு என்றால் அது தகரம் பூசிய அசல் செம்பு. உப்புக் காற்றிலும் கறுக்காது, ஈயத்தை உடனே ஏற்கும். படகுக்காரர்கள் அதைத்தான் தேடுவார்கள், கடற்கரை ஊர்க்காரர்களும் தேடலாம். வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால்தான் ஏமாற்று.

தோலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பெரும்பாலும் பி.வி.சி. வீட்டு வயரின் பி.வி.சி. 70 டிகிரிக்கானது. எஞ்சின் பக்கத்தில் அது சூட்டில் மென்மையூட்டியை இழந்து மொறுமொறுத்து, வளைத்த இடத்தில் வெடிக்கும். ஐரோப்பிய வண்டி வயரில் எஃப்.எல்.ஆர்.ஒய்-பி என்று அச்சிட்டிருக்கும். மெல்லிய தோல், 105 டிகிரி தாங்கும் பி.வி.சி. அமெரிக்க டி.எக்ஸ்.எல்., ஜி.எக்ஸ்.எல். வகைகளின் குறுக்குப் பிணைப்புப் பாலிஎத்திலீன் தோல் 125 வரை போகும். அயர்ன் பட்டாலும் ஒழுகாது. டெஃப்லான் வயர் விண்கலத்துக்கே போகும் சாதி. ஆனால் வழுக்கும், சீவுவதற்குள் பொறுமை போய்விடும். இன்னொன்று, பள்ளிக் கண்காட்சிக்குத் தெர்மாகோல் மாடல் செய்யும் பிள்ளைகளுக்கு: பி.வி.சி. வயரைத் தெர்மாகோலோடு ஒட்டி நாள்கணக்கில் விட்டால், வயரின் மென்மையூட்டி கசிந்து தெர்மாகோலைக் கரைத்து, வயர் தானே பள்ளம் தோண்டிப் புதைந்துகொள்ளும்.

வயரில் எனக்கு மிகப் பிடித்தது நிறம். அழகுக்காக அல்ல, அதில் ஓர் இலக்கணம் இருப்பதால். பிரிட்டனின் லூகாஸ் நிறுவனத்தோடு டி.வி.எஸ். கூட்டுச் சேர்ந்து 1961-ல் சென்னைப் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். தொடங்கியது. அந்தப் பக்கத்துப் பஸ்ஸில் இன்றும் 'லூகாஸ் ஒண்ணு' என்று டிக்கெட் கேட்பார்கள். அம்பாசடர், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், புல்லட் என்று ஒரு தலைமுறை வண்டிகளின் உள்ளே ஓடியது லூகாஸ் நிறமுறைதான். அடிநிறம் வேலையின் குடும்பத்தைச் சொல்லும், அதன்மேல் ஓடும் மெல்லிய கோடு ஆளைச் சொல்லும். நீலம் முன்விளக்கு. நீலத்தில் வெள்ளைக் கோடு ஹைபீம், சிவப்புக் கோடு டிம். பச்சை, சாவி போட்டபின் ஃபியூஸ் வழியாக வருவது. பச்சையில் சிவப்பு இடது இண்டிகேட்டர், வெள்ளை வலது. பச்சையில் ஊதாக் கோடு பிரேக் லைட். கறுப்பு எர்த். இரண்டு மணி நேரம் படித்தால், வரைபடமே இல்லாமல் டாஷ்போர்டுக்குள் கையை விட்டு எது எது என்று சொல்லிவிடலாம். லூகாஸ் சாமான் அடிக்கடி மக்கர் பண்ணியதால் ஜோசப் லூகாஸுக்கு 'இருட்டின் இளவரசர்' என்று பிரிட்டிஷ் வண்டிக்காரர்கள் பட்டம் கட்டினார்கள். இருக்கட்டும். அந்த நிறமுறையை வகுத்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

ஆனால் பிரவுன் நிறத்தில் மட்டும் உஷார். லூகாஸ் முறையில் பிரவுன் என்பது பேட்டரியிலிருந்து வரும் மெயின் லைன், எப்போதும் உயிரோடு இருக்கும். ஜெர்மன் முறையில் பிரவுன்தான் எர்த். புல்லட்டில் கை பழகியவர் ஜெர்மன் வண்டியைத் திறக்கும்போதும், அங்கே பழகியவர் இங்கே வரும்போதும் டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்க்காமல் வெட்டக் கூடாது. ஜெர்மன்காரர்கள் நமக்குக் கொடுத்த நல்ல வழக்கம் எண்கள். ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று பொறித்திருக்குமே, அது அவர்களுடைய டின் 72552 தரம். 30 பேட்டரி, 87 விளக்குக்குப் போவது, 85-ம் 86-ம் காயில்.

சொந்த வேலைக்கு வயர் போடும்போது எல்லாவற்றுக்கும் சிவப்பும் கறுப்பும் என்று முடித்துக்கொள்வது கஞ்சத்தனம். ஆறு நிறங்களில் ஆளுக்குப் பத்து மீட்டர் வாங்கி வைக்கலாம். ஐந்து வருஷம் கழித்து இரவில் டார்ச் வெளிச்சத்தில் கோளாறு தேடப்போவது நாம்தான்.

எவ்வளவு நல்ல வயரும் நுனியில்தான் கெடும். முறுக்கி டேப் சுற்றுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். பலர் ஈயம் வைப்பதைப் பெருமையாக நினைக்கிறார்கள். போர்டில் அது சரி. அதிரும் வண்டியில் ஈயம் இழைகளுக்குள் ஏறி, ஏறி நின்ற இடம்வரை வயரை ஒற்றைக் கம்பியாக்கிவிடும். அந்த எல்லையில்தான் ஒடிவு வரும். அதனால்தான் கார் கம்பெனிகள் திம்பிளை அழுத்தியே பூட்டுகின்றன. சரியான பிளையரால் அழுத்திய திம்பிளில் இரண்டு இறக்கைகளும் சுருண்டு உள்ளே இறங்கி இழைகளை நெரித்திருக்கும். குறுக்கே அறுத்துப் பார்த்தால் தனித்தனி வட்டங்கள் தெரியாது. இழைகள் பலகோணங்களாக நசுங்கி, காற்றுப் புக இடமில்லாமல் அடைந்திருக்கும். அதற்குப் பின்னால் இன்னொரு ஜோடி இறக்கை தோலைப் பிடித்துக்கொண்டிருக்கும், இழுப்பு செம்புக்குப் போகாமல் இருக்க. சாதாரணக் கட்டிங் பிளையரால் நசுக்கியதில் இந்த அழகு வராது. அழுத்தும் பிளையருக்குக் காசு கொடுங்கள், வயருக்குப் பேரம் பேசிக்கொள்ளலாம்.

ஃபியூஸ் விளக்கைக் காப்பாற்றுவதற்காக அல்ல, வயரைக் காப்பாற்ற. எனவே அது பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், வயரின் தகுதிக்குள் இருக்க வேண்டும். இரண்டு சதுர மில்லிமீட்டருக்கு நீல நிற 15 ஆம்பியர் போதும். அடிக்கடி போகிறதே என்று பச்சை நிற 30-ஐச் சொருகினால், அடுத்த முறை வயரே ஃபியூஸாகிவிடும். இத்தனையும் செய்துவிட்டு எர்த்தைப் பெயிண்ட் மேல் முடுக்கிவிடுகிறவர்கள் உண்டு. போல்ட் உட்காரும் இடத்தில் வெறும் தகரம் தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவ வேண்டும். போகும் வயருக்கு என்ன கனமோ அதே கனம் எர்த் வயருக்கும். போன 10 ஆம்பியரும் அந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும்.