வெப்பமானி சொல்லாத கணக்கு

மனித உடலின் வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ். உதகையின் குளிர்காலைப் பொழுதில் சுற்றுப்புறம் 10 டிகிரி என்க. இவ்விரண்டு எண்களையும் ஸ்டீபன் விதியில் இட்டு, ஒருவர் நாளொன்றில் செலவிடும் ஆற்றலைக் காணும் பயிற்சிக் கணக்கு மாணவரிடையே வழங்கி வருகிறது. உடற்பரப்பு 1.6 சதுர மீட்டரானால் விடை சுமார் 256 வாட். அதாவது நாளுக்கு ஏறத்தாழ 5,300 கிலோகலோரி. சாதாரண வேலை செய்பவரின் செலவைப்போல் இது இரு மடங்கு! பெருக்கலில் தவறில்லை, தவறு அடிப்படையில் உள்ளது.

முதலாவதாக, வெப்பத்தை வீசுவது உடலின் உட்பகுதி அன்று; மேற்பரப்பே. குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன; மேலே கம்பளிச் சட்டையும் உண்டு. அச்சட்டையின் வெளிப்புறம் 18 டிகிரி எனக் கொண்டால், அதே விதி சுமார் 1,400 கிலோகலோரியே தருகிறது. காற்றோட்டமும் வியர்வையும் கொண்டுசெல்லும் வெப்பம் இரண்டிலும் சேரவில்லை.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. உதகையில் நீர் சுமார் 92–93 டிகிரியில் கொதிக்கிறது. அடுப்பை எரியவிட்டாலும் தணித்தாலும் கொதிநீரின் வெப்பநிலை மாறுவதில்லை. அதைக்கொண்டு விறகுச் செலவைக் கூற முடியுமா? உடலும் தன் வெப்பநிலையை ஏறக்குறைய ஒரே நிலையில் காத்துக்கொள்கிறது. திண்ணையில் அமர்ந்திருப்பவருக்கும், கொழுந்துக் கூடையுடன் சரிவில் ஏறுபவருக்கும் உள்ள வேறுபாடு ஒரு டிகிரி அளவே. ஆற்றல் செலவோ பல மடங்கு வேறுபடும்.

எலினார் மேசனும் பிரான்சிஸ் பெனடிக்டும் 1931-இல் வெளியிட்ட ஆய்வில், தென்னிந்தியப் பெண்களின் ஓய்வுநிலைச் செலவு அமெரிக்க அளவுகோலைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தது. வெப்பமானியை மட்டும் நம்பியிருந்தால் இவ்வுண்மை வெளிப்பட்டிராது.

வெப்பமானி முற்றிலும் பயனற்றதன்று. காய்ச்சலில் ஒரு டிகிரி உயர்ந்தால் ஓய்வுநிலைச் செலவு சுமார் 13 விழுக்காடு கூடும் என்பது மருத்துவர் அறிந்த விதி. ஆனால் அது கூடுதலைச் சொல்கிறதே தவிர முதலைச் சொல்வதில்லை. முதலை அறிய மூச்சை அளக்க வேண்டும்: உடல் பயன்படுத்தும் ஒவ்வொரு லிட்டர் ஆக்ஸிஜனும் ஏறத்தாழ 5 கிலோகலோரியைக் குறிக்கும்.

இது தேர்வுத்தாளோடு முடியும் செய்தி அன்று. குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தவர் டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளுக்கு 2,700 கலோரி (இங்கே கலோரி என்பது கிலோகலோரியே) என்ற அவரது அளவை, 1957-இல் 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலிக்கு அடிப்படைகளில் ஒன்றாக ஏற்றது. நாம் மேலே கண்ட 5,300-உம் 1,400-உம் அதன் இருபுறமும் நிற்கின்றன. இப்படி விரும்பியவாறு வளையும் ஒரு கணக்கைக்கொண்டு தோட்டத் தொழிலாளியின் உணவையும் கூலியையும் தீர்மானித்தால் என்ன ஆகும்?

ஆசிரியர்கள் இக்கணக்கை நீக்க வேண்டியதில்லை. ‘மேற்பரப்பின் வெப்பநிலை என்ன?’ என்ற கேள்வியையும் அதனுடன் சேர்த்துக் கேட்டால், அது நல்ல பாடமாகவே அமையும்.