யாரைப் பார்த்துப் பேசுகிறார்?

ஓர் அரசியல்வாதி என்ன பேசினார் என்று பார்ப்பதற்கு முன்னால், கூட்டத்தை எப்படிக் கூப்பிட்டார் என்று கவனியுங்கள். பாதி சேதி அதிலேயே இருக்கும். அண்ணா 1955-லிருந்து 'தம்பி'க்குக் கடிதம் எழுதினார். கலைஞர் முரசொலியில் 'உடன்பிறப்பே' என்று ஆரம்பிப்பார். எம்.ஜி.ஆருக்கு 'ரத்தத்தின் ரத்தம்'. இதெல்லாம் வீட்டுக்குள் பேசுகிற பேச்சு. கட்சி உறுப்பினர் அட்டை இல்லாத நீங்களும் நானும் 'வாக்காளப் பெருமக்கள்'. ரத்தத்தின் ரத்தங்களுக்குத் தியாகமும் வரலாறும் கிடைக்கும். பெருமக்களுக்கு மிக்ஸி, கிரைண்டர்.

ஆளுக்குத் தகுந்த மாதிரி பேசுவது குற்றமில்லை. டாக்டர் நோயாளியிடம் ஒரு மாதிரியும் சக டாக்டரிடம் வேறு மாதிரியும்தான் பேசுகிறார். தொனி மாறலாம். வியாதியின் பெயரே மாறினால்தான் வில்லங்கம்.

இரண்டு காதுகளுக்கும் சேர்த்து ஒரே வாக்கியம் சொல்ல முடியும் என்பதற்கு அண்ணாவையே காட்டலாம். 1962 மே மாதம் மாநிலங்களவையில் எழுந்து தனித் திராவிட நாடு கேட்டவர் அவர். 1963-ல் பிரிவினை பேசுவதற்குத் தடையாக அரசியல் சட்டத்தின் பதினாறாவது திருத்தம் வந்தது. தி.மு.க. கோரிக்கையைக் கைவிட்டது. கைவிட்டுவிட்டோம், ஆனால் அதைக் கேட்டதற்கான காரணங்கள் அப்படியேதான் இருக்கின்றன என்கிற ரீதியில் அண்ணா விளக்கம் சொன்னார். முதல் பாதி டெல்லிக்கு, இரண்டாம் பாதி தம்பிக்கு. சாமர்த்தியம்தான், ஆனால் மோசடி இல்லை. இரண்டு பாதியையும் இரண்டு பேர் காதிலும் விழும்படி சொன்னார்.

இதற்கு நேர் எதிர், அமெரிக்காவின் மிட் ராம்னி. 2012-ல் தேர்தல் நிதி கொடுக்கிற பணக்காரர்களின் விருந்தில், நாட்டில் 47 சதவீதம் பேர் அரசாங்கத்தையே நம்பி இருப்பவர்கள், அவர்கள் எப்படியும் ஒபாமாவுக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள் என்றார். யாரோ ரகசியமாகப் படம் பிடித்துவிட்டார்கள். வீட்டுப் பேச்சு வீதிக்கு வந்தது. மனிதர் அந்தத் தேர்தலில் தோற்றார்.

நம் ஊரில் ரகசியக் கேமராவே தேவையில்லை. தேதிகளை வரிசையாக அடுக்கினால் போதும். புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிப் பக்கம் நெடுவாசலை எடுத்துக்கொள்ளுங்கள். பலா, தென்னை, வாழை, பூ என்று ஆழ்குழாய்க் கிணற்றை நம்பி வாழ்கிற பூமி. 2017 பிப்ரவரி 15-ந் தேதி, நாடு முழுக்க 31 இடங்களில் ஹைட்ரோகார்பன் எடுக்க மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் கொடுத்தது. பட்டியலில் நெடுவாசலும் இருந்தது. ஊர் திரண்டு உட்கார்ந்துவிட்டது.

அப்போது பா.ஜ.க. தரப்பிலிருந்து இரண்டு குரல்கள் வந்தன. கட்சிக்காரர்களுக்கு: இது தேச வளர்ச்சி, எதிர்ப்பவர்களுக்குப் பின்னால் வேறு சக்திகள் இருக்கின்றன. ஊர்க்காரர்களுக்கு: உங்கள் சம்மதம் இல்லாமல் எதுவும் நடக்காது. இரண்டாவது குரலையும் மாநில அரசின் வாக்கையும் நம்பி, மார்ச் 9-ல் 22 நாள் போராட்டத்தை ஊர் நிறுத்தியது. மார்ச் 27-ல் டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நெடுவாசல், ஜெம் லேபரட்டரீஸ் என்கிற கம்பெனிக்கு. நடுவில் பதினெட்டே நாள். ஏப்ரலில் மறுபடியும் பந்தல் போட்டார்கள்.

மற்றவர்கள் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். டெல்டாவில் மீத்தேன் எடுக்க கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்தோடு 2011 ஜனவரியில் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது தி.மு.க. அரசுதான். பிற்பாடு மீத்தேனை எதிர்த்து உரக்கப் பேசியதும் அதே கட்சிதான். 2020 பிப்ரவரி 9-ல் எடப்பாடி பழனிசாமி சேலம் மாவட்டம் தலைவாசல் விழா மேடையில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்தார். பதினோரு நாளில் சட்டமும் வந்தது. புதுக்கோட்டையின் ஐந்து ஒன்றியங்கள் அதில் உண்டு. நெடுவாசல் இருக்கும் திருவரங்குளமும் உண்டு. சந்தோஷம். ஆனால் சட்டத்துக்குள்ளே, ஏற்கெனவே நடக்கிற திட்டங்களை இது பாதிக்காது என்று ஒரு பிரிவு இருக்கிறது. மேடை விவசாயிக்கு, அந்தப் பிரிவு கம்பெனிக்கு.

புதுக்கோட்டைக்கு இன்னொரு கஷ்டம். தொகுதி மறுவரையறைக்குப் பின் 2009 தேர்தலிலிருந்து புதுக்கோட்டை என்ற பெயரில் எம்.பி. தொகுதியே கிடையாது. மாவட்டத்தை நாலாகப் பிய்த்துத் திருச்சி, சிவகங்கை, ராமநாதபுரம், கரூர் தொகுதிகளில் ஒட்டிவிட்டார்கள். நெடுவாசல்காரர் ஓட்டு சிவகங்கைக்குப் போகிறது. நாலு எம்.பி.க்கள் இருந்தும், 'இது என் ஊர்' என்று முழு மாவட்டத்தையும் பார்த்துப் பேச ஒருவருக்கும் அவசியம் இல்லை. நாலு பேருக்குமே புதுக்கோட்டை திண்ணைதான், கூடம் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், நெடுவாசலில் அந்தக் கம்பெனி கடைசிவரை கிணறு தோண்டவே இல்லை. காரணம் எந்த மேடைப் பேச்சும் இல்லை. ஓ.என்.ஜி.சி.யிடம் இருந்த குத்தகையை மாநில அரசு கம்பெனி பெயருக்கு மாற்றிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். கம்பெனி வேறு இடம் கொடுங்கள் என்று கேட்டது. பந்தலில் உட்கார்ந்த ஜனங்களுக்குப் பயந்து ஒரு ஃபைல் நகராமல் நின்றது. அதற்கு விளியும் இல்லை, கைதட்டலும் இல்லை.

2021 ஜூனில் பக்கத்திலேயே கறம்பக்குடி வட்டம் வடதெருவை மத்திய அரசு ஏலப் பட்டியலில் சேர்த்தது. முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 'பிரதமருக்குக் கடிதம்' என்பது தமிழகத்தில் ஒரு தனி இலக்கிய வகை. விளி பிரதமருக்கு, வாசகர் நாம். நகல் பத்திரிகைகளுக்கும் வந்துவிடும். அடுத்த முறை அப்படி ஒரு கடிதத்தைப் படிக்கும்போது, குத்தகை ஃபைல் யார் மேஜையில் இருக்கிறது என்றும் விசாரித்துப் பாருங்கள்.