வெள்ளவத்தையில் கேட்ட கேள்விக்கு மயிலாப்பூரிலிருந்து ஒரு பதில்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கல்யாண வீட்டில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் என்னிடம் கேட்டார்: "உங்கட ஊரில சந்திக்குச் சந்தி சாராயக்கடை, அதுவும் அரசாங்கமே விக்குது. திருந்த நினைக்கிற மனுசன் எங்க போறது?" விருந்துக்குப் போன இடத்தில் வாதாட மனம் வரவில்லை. ஆனால் என் தம்பி குடியிலிருந்து மீண்டவன், அவனை மீட்டது சென்னை. அதனால் அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட முடியவில்லை.

அவர் சொன்னதில் பாதி உண்மை. 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக் கையில் இருக்கிறது. கடைகளுக்கு ஆண்டில் எட்டு நாள் விடுமுறை. இலங்கையிலோ பௌர்ணமிதோறும் போயா என்று மதுக்கடைகளை மூடிவிடுகிறார்கள். 2006இல் வந்த சட்டம் அங்கே மது விளம்பரத்துக்கே தடை போட்டது. இங்கே சோடா, குடிநீர் என்ற பெயரில் அதே மதுப் பெயர்கள் விளம்பரத்தில் வந்துகொண்டிருக்கின்றன. 1904லும் 1912லும் மதுவிலக்கு இயக்கம் நடத்தி, அதிலிருந்து தேசியத் தலைவர்களையே பெற்ற தீவு அது. ராஜாஜி 1937இல் சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்த மண் இது என்று நானும் சொல்லலாம். ஆனாலும் பாட்டில் மனிதனை நெருங்காமல் தடுப்பதில் இன்று அவர்கள் நமக்கு முன்னால் இருக்கிறார்கள்.

அந்த அம்மா கேட்டது வேறு: ஏற்கெனவே விழுந்துவிட்டவன் எங்கே போவது? அதற்கு எங்கள் ஊரில் பதில் இருக்கிறது. முன்னாள் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பேரன் ரங்கநாதன் 1979இல் குடிநோயால் இறந்தார். பெரிய குடும்பங்கள் மூடி மறைக்கும் சாவு அது. அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் அதை மறைக்கவில்லை. அமெரிக்கா போய்ப் பயிற்சி பெற்று வந்து, 1980இல் கணவர் பெயரிலேயே ஓர் அறக்கட்டளை தொடங்கினார். அடையாறு இந்திரா நகரில் இருக்கும் டிடிகே மருத்துவமனை அதன் விளைவு. குடிப்பவரோடு குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசுவது அங்கே சிகிச்சையின் பகுதி. தம்பியைப் பார்க்கப் போகிறவள் மட்டுமல்ல, நானும் குணமாக வேண்டியவள் என்று அப்படிப்பட்ட ஒரு வகுப்பில்தான் உணர்ந்தேன்.

சிகிச்சை முடிந்தபின் வருகிற மாலை நேரங்கள்தான் ஆபத்தானவை. அங்கேதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற ஏ.ஏ. அமைப்பின் கூட்டங்கள் கைகொடுக்கின்றன. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது அது. சென்னையில் கூட்டங்கள் தேவாலயக் கூடத்திலோ பள்ளி வகுப்பறையிலோ நடக்கும். மனநல மருத்துவரைக் கேட்டால் போதும், பக்கத்துக் குழுவின் எண்ணைத் தருவார். தமிழில் நடப்பதா, ஆங்கிலத்தில் நடப்பதா, குடும்பத்தாரும் வரக்கூடிய திறந்த கூட்டமா என்று கேட்டுக்கொண்டு போகலாம். கட்டணம் கிடையாது. வந்தவர்கள் போடும் காசில்தான் வாடகையும் டீயும். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. முதல் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஒருவர் பேசத் தொடங்குவார். மற்றவர்கள் குறுக்கிட மாட்டார்கள். புதியவருக்கு ஒரு ஸ்பான்சர் அமைவார். கை நடுங்கும் நேரத்தில் அவரைக் கூப்பிடலாம். என் தம்பி வழுக்கி விழுந்தபோது, வீட்டில் யாரும் கேட்காத கேள்வியை அவர்தான் கேட்டார்: "சாப்பிட்டியா?" குடும்பத்தாருக்கு அல்-அனான் என்ற குழு தனியாக இருக்கிறது.

இலங்கையைப் பற்றி அந்தக் கல்யாண வீட்டில் பேசிக்கொண்டவர்கள் நிறையச் சொன்னார்கள். நாங்கள் மது என்பதை அவர்கள் மதுசாரம் என்கிறார்கள். எங்கள் கவுன்சலிங் அங்கே உளவளத்துணை, எங்கள் மறுவாழ்வு அங்கே புனர்வாழ்வு, கள்ளுக்கடை தவறணை. அழகான சொற்கள்; எங்கள் மருத்துவமனைப் பலகைகளில் இவற்றைப் பார்க்க ஆசையாக இருந்தது. உதவி அங்கேயும் உண்டு: கொழும்பில் சுமித்ரயோ அமைப்பின் மெல் மெதுர என்ற மையம் இருக்கிறது, 1927 என்ற அரசின் உதவி எண் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் சாந்திகம் என்ற உளவளத்துணை நிலையம் இருக்கிறது. போர் தந்த காயத்தை மறக்கக் குடிப்பவர்களோடு வேலை செய்வது எவ்வளவு கடினம் என்பதை எங்களால் முழுதாக உணர முடியாது. ஆனால் கிளிநொச்சியில் இருப்பவருக்கு மாலையில் நடந்து போகும் தூரத்தில் ஒரு கூட்டம் கிடைக்குமா என்று கேட்டபோது, அங்கிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கிளிநொச்சியை நான் இருக்கும் மயிலாப்பூரோடு ஒப்பிடுவது நியாயமில்லைதான். திருவாரூர் மாவட்டத்துக் கிராமங்களோடு ஒப்பிடுகிறேன். அங்கேயும் குடிநோய்க்கென்று மருத்துவமனை பக்கத்தில் கிடையாது. அதனால் அதே அடையாறு அறக்கட்டளை அந்த மாவட்டத்து மஞ்சக்குடிக்குப் போய், அந்த ஊரிலேயே முகாம் போட்டு, விவசாயக் கூலிகளுக்குச் சிகிச்சை கொடுத்தது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, ஊரே துணையாக நின்றது. அந்த முறைக்குப் பெரிய கட்டடம் வேண்டாம். வன்னிக்கும் மலையகத்துக்கும் அது பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டு கரையிலும் குடியால் உடைகிற வீடு தமிழ் வீடுதான். அவர்களுடைய விளம்பரத் தடையைத் தமிழ்நாடு நாளைக்கே எடுத்துக்கொள்ளலாம். அந்த அம்மாவுக்கு என் பதில் இது: திருந்த நினைக்கிற மனிதன் எங்கள் ஊரில் ஒரு போன் போட்டால் போதும். அன்று மாலையே, அவனைப் போலவே குடித்து அவனைப் போலவே வெட்கப்பட்டவர்கள், அவனுக்கும் ஒரு நாற்காலி போடுவார்கள்.