மெஷினைப் பார்த்து வாங்குங்கள்: எச்.எம்.டி. ஜனதா

பழைய எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரம் ஒன்று வேண்டும் என்று இணையத்தில் தேடினால், பச்சை, கருநீலம், தக்காளிச் சிவப்பு என்று விதவிதமான டயல்கள் பளபளவென்று வந்து நிற்கும். அவற்றில் பல, மேலே புது வண்ணம் அடித்த பழைய டயல்கள். கேஸுக்கும் பாலீஷ் போட்டு, கண்ணாடியையும் மாற்றிவிட்டால் முன்பக்கத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. மெஷினுக்கு அவ்வளவு சுலபமாக மேக்கப் போட முடியாது. அதனால் கைக்கு வந்த ஜனதாவைப் பின்பக்கத்திலிருந்தே பார்க்கத் தொடங்கினேன்.

1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கியது எச்.எம்.டி. ஜனதாவுக்குள் ஓடும் 0231 மெஷினும் சிட்டிசன் வடிவமைப்பின் வழிவந்ததே. கையால் சாவி கொடுக்க வேண்டும், 17 கல், மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்து. இதே மெஷின் வேறு பல எச்.எம்.டி. மாடல்களிலும் இருப்பதால் உதிரிபாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. இதன் பலமும் அதுதான், வில்லங்கமும் அதுதான். நாலு வாட்சைப் பிரித்து ஒரு வாட்சாகக் கோப்பது எளிது.

என்னிடம் இருந்தது பின்மூடியை அழுத்தி மூடும் வகை. மூடியின் ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் நகம் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கும். கேஸ் கத்தியை அங்கே வைத்து லேசாகத் திருப்பினால் ‘டப்’பென்று விடும். காய்கறிக் கத்தி வேண்டாம். வழுக்கினால் கேஸில் கோடு விழும், விரலும் தப்பாது. திருகு மூடியாக இருந்தால் பிசுபிசுப்பான ரப்பர் பந்தை அழுத்தித் திருப்பிப் பார்க்கலாம். அதற்கும் மசியாவிட்டால் வாட்ச் கடைக்காரரிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

திறந்ததும் மெஷினுக்கு முன் மூடியின் உட்புறத்தைப் பாருங்கள். சர்வீஸ் செய்தவர்கள் ஊசி முனையால் தேதியோ தங்கள் அடையாளக் குறியோ கீறி வைப்பது வழக்கம். என் மூடியில் மூன்று பேரின் கையெழுத்து இருந்தது. வாட்ச் பலமுறை பராமரிப்புக்குப் போயிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.

அடுத்தது பேலன்ஸ் வீல். முழுச் சாவி கொடுத்த நிலையில் அது ஒவ்வொரு பக்கமும் முக்கால் சுற்றை நெருங்கி ஆட வேண்டும். அரைச் சுற்றுக்கே திணறினால் எண்ணெய் காய்ந்திருக்கும், அல்லது மெயின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். சக்கரத்தின் நடுவில், சிவப்புக் கல்லுக்கு மேல், பொடிசாக ஒரு ஸ்பிரிங் தெரியும். டயலில் ‘பாராஷாக்’ என்று எழுதியிருப்பது இதைத்தான். வாட்ச் கீழே விழுந்தால் அதிர்ச்சியை இது வாங்கிக்கொண்டு, முடிபோல் மெல்லிய அச்சு முனையைக் காப்பாற்றும். இந்த ஸ்பிரிங் இல்லாவிட்டாலோ வளைந்திருந்தாலோ யோசிக்க வேண்டும்.

ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றையொன்று தொடாமல் சீரான இடைவெளியில் விரிந்து சுருங்க வேண்டும். ஒட்டிக்கொண்டால் காந்தம் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது ஸ்பிரிங் நீளம் குறைந்ததுபோல் ஆகி, வாட்ச் கண்டபடி முந்தி ஓடும். செலவு பெரிதில்லை, காந்தம் நீக்கும் கருவியில் சில நொடி காட்டினால் போதும்.

என் வாட்சின் குறைகளையும் லென்ஸ் காட்டிக்கொடுத்தது. இரண்டு திருகுகளின் தலை, பொருந்தாத திருப்புளியால் கிழிந்திருந்தது. சக்கரங்களை மூடும் பாலத் தகடு மட்டும் மற்றவற்றைவிட மஞ்சளாக இருந்தது. வேறொரு மெஷினிலிருந்து வந்தது என்று தோன்றுகிறது. கிரவுனின் தண்டு உள்ளே நுழையும் இடத்தில் துரு லேசாக எட்டிப் பார்த்தது. வியர்வை நுழையும் பாதை அதுதான். ஓட்டத்துக்கு இவை எதுவும் தடையில்லை. ஆனால் ‘எல்லாமே ஒரிஜினல்’ என்று சொல்லி விலை கேட்க இவை இடம் தரா.

டிக்டிக் சத்தத்தைக் கேட்டு வேகத்தைக் கணக்கிடும் செல்போன் செயலிகளும் உண்டு. மின்விசிறியை நிறுத்திவிட்டு, வாட்சை மைக்கோடு ஒட்டி வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை நொடி முந்துகிறது, பிந்துகிறது என்ற கணக்கை ஓரளவு நம்பலாம். பேலன்ஸ் எத்தனை டிகிரி ஆடுகிறது என்று அது சொல்வதை நம்ப வேண்டாம். மெஷினுக்குரிய கோண அளவைச் சரியாக உள்ளிடாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. என் வாட்ச் நாளுக்கு அரை நிமிடம்போல் முந்தியது. ரெகுலேட்டர் முனையை மயிரிழை நகர்த்தினால் சரியாகும். ஆனால் கை வழுக்கினால் ஹேர் ஸ்பிரிங் போய்விடும். அந்த வேலையைத் தெரிந்தவருக்கு விடுங்கள்.

தினமும் சாவி கொடுக்கப் பொறுமையும், தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளும் அக்கறையும் இருப்பவர்களுக்கு ஜனதா இன்றும் நல்ல வாட்ச்தான். எச்.எம்.டி.யின் கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016-ல் முடிவெடுத்துவிட்டது. ஆனாலும் பழைய வாட்ச் கடைக்காரர்களில் பலருக்கு இந்த மெஷின் அத்துப்படி. வாங்கும்முன் விற்பவரிடம் பின்மூடியைத் திறந்து ஒரு படம் கேளுங்கள். அனுப்பினால் மெஷினைப் பார்த்து விலை பேசுங்கள். தட்டிக் கழித்தால், டயல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்த வாட்சைப் பாருங்கள்.