சமனாகும் இடத்தில் நில்லுங்கள்

2024 பாரிஸ் ஒலிம்பிக் பதக்கப் பட்டியலை, பைதான் மொழியில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் நூலகத்தில் ஏற்றி, வரிசைப்படுத்தும் கட்டளைக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம், நாட்டின் பெயர் என்று நான்கு நெடுவரிசைகளைக் கொடுங்கள். முதல் மூன்றும் இறங்குமுகம், பெயர் மட்டும் அகர வரிசையில் ஏறுமுகம். நொடியில் பட்டியல் வந்துவிடும். பெரும்பாலோர் முதலிடத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ரசிக்க வேண்டியது அங்கே இல்லை.

தங்கத்தின் மேல் விரலை வைத்துக் கீழே இறங்குங்கள். எண் சமனாகும் இடத்தில் நில்லுங்கள். அமெரிக்கா 40, சீனா 40. இங்கேதான் வெள்ளி வாய் திறக்கிறது: 44க்கு 27. இன்னும் கீழே இத்தாலியும் ஜெர்மனியும். தங்கம் 12, வெள்ளி 13 என இரண்டிலும் சமன். முடிவைச் சொல்வது வெண்கலம், 15க்கு 8. முதல் நெடுவரிசையில் எங்கும் சமனே இல்லையென்றால் மற்ற மூன்றும் வெறும் அலங்காரம்தான்.

இதன் கடுமையும் தெரியவேண்டுமா? ஒரே ஒரு தங்கம் வாங்கிய பாகிஸ்தான் 62ஆம் இடம். ஒரு வெள்ளி, ஐந்து வெண்கலம் வாங்கிய இந்தியா 71ஆம் இடம். இந்த ஒப்பீடு தங்கத்திலேயே தீர்ந்துபோனதால் நம் ஆறு பதக்கங்களை இங்கே யாரும் எண்ணவே இல்லை.

இடது ஓரத்தையும் கவனியுங்கள். பாண்டாஸ் ஒவ்வொரு வரியின் பழைய எண்ணையும் அதனோடே நகர்த்துகிறது. எது எங்கிருந்து ஏறிவந்தது என்பது அதில் தெரியும். அழகுக்காகப் பலர் அதை உடனே அழித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

நான்கு நெடுவரிசைகளையும் இப்படி ஒரே கட்டளையில் கொடுக்க எப்போதும் முடிந்ததில்லை. துளை அட்டைக் காலத்து எந்திரங்கள் ஒரு சமயத்தில் ஒரு நெடுவரிசையைத்தான் பார்க்கும். அதனால் முக்கியத்துவம் குறைந்ததிலிருந்து ஆரம்பித்து, முக்கியமானதைக் கடைசியாக ஓட்டுவார்கள். சமனானவற்றின் முந்தைய வரிசையை எந்திரம் கலைக்காததால் அது பலித்தது. பைதானின் கணித நூலகமான நம்பையில் உள்ள லெக்ஸ்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் கட்டளை இன்றும் அப்படித்தான், கடைசியாகக் கொடுப்பதே அதற்குத் தலையானது. பாண்டாஸில் ஒவ்வொன்றாக ஓட்டிப்பார்க்க ஆசைப்பட்டால் 'ஸ்டேபிள்' முறையைக் கேட்டு வாங்குங்கள். ஒற்றை நெடுவரிசைக்குப் பாண்டாஸ் வழக்கமாக எடுப்பது குயிக்சார்ட் என்ற முறை. சமனானவற்றின் முந்தைய வரிசை கலையாது என்ற உறுதியை அது தராது.

கடைசியாக, மொத்தப் பதக்கம் என்றொரு நெடுவரிசை சேர்த்து அதை முன்னால் வையுங்கள். 65 பதக்கத்தோடு ஏழாமிடத்தில் இருந்த பிரிட்டன் மூன்றாமிடத்துக்கு ஏறும். இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை பாருங்கள்.